ஒன்பது கோடை, ஒரு மீட்டர்: துபாய் வீட்டின் ‘சில்லர்’ சேவை குறித்து ஒரு மதிப்புரை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சம்பளத்தையும் விசாவையும் பற்றி நன்றாக விசாரித்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். குடியிருக்கப் போகும் வீட்டைப் பற்றி, அதிலும் அந்த வீட்டைக் குளிர வைக்கும் ஏற்பாட்டைப் பற்றி, அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. 2015 முதல் 2024 வரை துபாயில், இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் பதினேழாம் தளத்தில், ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் கணவருடனும் மகளுடனும் குடியிருந்தேன். அந்த வீட்டுக்குள் வந்த குளிர்ச்சி முழுவதையும் ஒரு நிறுவனம் மீட்டர் வைத்து விற்றது. ‘சில்லர்’ என்று அங்கே சொல்லப்படும், ஒன்பது கோடைகள் நான் காசு கொடுத்து வாங்கிய அந்தச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் சொல்லவில்லை; நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி அவர்களுடையவை என்றால், மீதிப் பாதி பாலைவன நகரத்து வாழ்க்கையோடு ஒட்டிப் பிறந்தவை.

இப்போது எழுதத் தூண்டியவர் பள்ளத்தூரில் எங்களுக்கு அடுத்த வீட்டு ஆச்சி. அவருடைய பேரன் அடுத்த மாதம் துபாய்க்குப் போகிறான். வாடகை வீட்டு விளம்பரங்கள் இரண்டை அவன் அனுப்பியிருந்தான், அவற்றில் ஒன்றைக் காட்டி, “சில்லர் ஃப்ரீன்னு போட்டிருக்கே, ஏ.சி. இல்லாத வீடா ஆத்தா இது? பிள்ளை வெந்து போயிருவானே” என்று கேட்டார். அந்தச் சொல்லுக்குப் பொருள் நேர் எதிரானது. குளிரூட்டும் கட்டணத்தை வீட்டுக்காரரே ஏற்றுக்கொள்கிறார், குடியிருப்பவர் தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்று அர்த்தம். அதை விளக்க ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தேன்.

அந்தச் சேவை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் ஓர் அறைக்கு ஏ.சி. வைத்தால் உள்ளே ஒரு பெட்டியும் வெளியே ஒரு பெட்டியும் இருக்கும்; அறையின் வெப்பத்தை உள்பெட்டி வாங்க, வெளிப்பெட்டி அதைத் தெருவில் கொட்டும். துபாயின் புதிய குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் வீட்டுக்கு வீடு வெளிப்பெட்டி கிடையாது. ஒரு பகுதி முழுவதற்கும் பொதுவாக ஓர் ஆலை இருக்கிறது. அங்கே தண்ணீரை ஐந்தாறு டிகிரி அளவுக்குக் குளிர வைத்து, வெப்பம் புகாதபடி உறையிட்ட குழாய்களில் நிலத்துக்கு அடியே கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் வெப்பமாற்றிகள் வைத்த அறை ஒன்று உண்டு. ஆலையிலிருந்து வரும் நீர் அந்த அறையில் தன் குளிர்ச்சியைக் கட்டடத்துக்குள் சுழலும் நீருக்குக் கொடுத்துவிட்டு ஆலைக்குத் திரும்பிப் போகும். கட்டடத்து நீர் மாடிகளுக்கு ஏறி, வீட்டின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் மறைந்திருக்கும் சுருள் குழாய்களில் ஓடும். அதன் மேல் ஒரு விசிறி காற்றை ஊதும். நாம் சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டில் 24 என்று வைத்தால் 24 கிடைக்கும்.

எவ்வளவு நீர் ஓடியது, அது எத்தனை டிகிரி சூடாகித் திரும்பியது என்பவற்றை வைத்து மீட்டர் கணக்கிடுகிறது. கணக்கின் அலகு ‘டன்-மணி’. காரைக்குடிக் கடையில் ஒன்றரை டன் ஏ.சி. என்று கேட்டு வாங்குகிறோமே, அதே டன்தான். ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி, அதாவது அமெரிக்க அளவில் ஒரு டன், இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம் ஒரு டன்; கிலோவாட் கணக்கில் சொன்னால் சுமார் மூன்றரை. அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் வெப்பத்தை எடுத்தால் ஒரு டன்-மணி. பனிக்கட்டியை வண்டியில் ஏற்றி விற்ற காலத்தின் எச்சமாக அந்த அலகு இன்றும் என் ரசீதில் அச்சாகி வந்தது.

சேவையின் நிறைகளை மறைக்க மாட்டேன். வீட்டில் ஓசையே இல்லை. பால்கனியில் சூடான காற்றைக் கக்கும் பெட்டி இல்லை. தனித்தனிக் கருவிகள் இழுக்கும் மின்சாரத்தைவிடப் பொது ஆலை குறைவாகவே இழுக்கிறது. அவ்வளவு வெப்பமான நகரத்தில் அது சிறிய நன்மை ஆகாது. நள்ளிரவிலும் முப்பத்தைந்து டிகிரி இருக்கும் ஜூலை மாதத்தில் கைக்குழந்தையோடு நான் நிம்மதியாக உறங்கியது அந்த ஆலையால்தான். பழுதில்லாமல் ஓடும் நாள்களில் இதற்கு இணையான வசதி வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டணத்தில்தான் முதல் சிக்கல் தொடங்குகிறது. ரசீதில் இரண்டு பெரிய வரிகள் இருக்கும். ஒன்று, நாம் பயன்படுத்திய டன்-மணிகளுக்கான தொகை. மற்றொன்று, நமக்காக ஆலையில் ஒதுக்கி வைத்திருக்கும் திறனுக்கான தொகை. இதை நாம் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை துபாயின் காற்று நம்மூர் மார்கழியைப் போல இதமானது. சன்னலைத் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு வாழ்ந்தோம். அந்த மாதங்களிலும் ரசீது வந்தது. எங்கள் வீட்டுக்கு ஜனவரியில் 240 திர்ஹாம் அளவிலும் ஆகஸ்டில் 690 திர்ஹாம் அளவிலும் கட்டியிருக்கிறேன். இதற்குமேல் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனி ரசீது. அதே ரசீதில் ஆண்டு வாடகையில் ஐந்து விழுக்காட்டை மாதங்களுக்குப் பங்கிட்டு நகராட்சியின் வீட்டு வரியும் வரும். குடியேறும்போது மின்சார வாரியத்துக்கு ஒரு டெபாசிட், குளிரூட்டும் நிறுவனத்துக்கு இன்னொரு டெபாசிட். வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு வந்த நாங்கள் முதல் ஆண்டில் திணறினோம். ஊருக்கு அனுப்ப நினைத்த தொகையை இரண்டு மாதம் அனுப்ப முடியவில்லை.

நுகர்வைக் குறைத்துச் சேமிக்கலாமே என்று கேட்பீர்கள். சன்னலைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். எங்கள் கூடத்தின் மேற்குச் சுவர் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வீட்டைப் பார்க்கப் போன நாள் ஜனவரி மாலை. சூரியன் இறங்கும் அழகைக் காட்டித்தான் முகவர் எங்களைச் சம்மதிக்க வைத்தார். ஜூன் மாதத்தில் அதே கண்ணாடியில் கை வைக்க முடியாது. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து வெயில் அந்தச் சுவர் வழியாக உள்ளே இறங்கும். வெயில் கொண்டுவரும் வெப்பத்தைக் குளிர்ந்த நீர் வெளியே எடுத்துச் செல்லும். எடுத்துச் சென்ற ஒவ்வொரு டன்-மணிக்கும் நாங்கள் காசு கொடுத்தோம். மே மாதம் கனத்த திரைச்சீலையை இழுத்து மூடினால் செப்டம்பர் கடைசியில்தான் திறப்போம். வெளியே கண் கூசும் வெளிச்சமும் உள்ளே நண்பகலில் எரியும் மின்விளக்குமாக ஐந்து மாதம் போகும். வளைகுடா நாடுகளில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி; அவ்வளவு வெயிலில் அது எப்படி என்று முதலில் வியந்த நான், மகளுக்கு நான்கு வயதில் மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தபோது வியப்பதை விட்டுவிட்டேன்.

பாலைவனம் என்றால் வறண்ட வெப்பம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. துபாய் பாலைவன நகரம், கடற்கரை நகரமும்கூட. பாரசீக வளைகுடாவின் நீர் கோடையில் 30 டிகிரிக்கு மேல் சூடாகிவிடுகிறது. அதிலிருந்து எழும் ஈரம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நகரத்தின் மேல் கவிந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். இதே வளைகுடாவின் கரையை ஒட்டிய சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை 35 டிகிரியைத் தொட்டது. உலகில் அளந்து பதிவானவற்றில் மிக உயர்ந்தது அதுவே. அத்தகைய காற்றில் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. வீட்டிலிருந்து இறங்கி வாசலைத் தாண்டிய நொடியில் மூக்குக் கண்ணாடி முழுதும் பனித்துப் பார்வை மறையும்.

இதை நான் ஒரு பானையை வைத்துப் புரிந்துகொண்டேன். மானாமதுரை மண்பானை ஒன்றைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துப் போயிருந்தேன். மார்ச், ஏப்ரலில் பால்கனி நிழலில் வைத்தால், நம் வீட்டுப் பின்கட்டில் இருப்பது போலவே தண்ணீர் சில்லென்று இருந்தது. ஆகஸ்டில் அதே பானை, அதே இடம். தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடந்தது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாக வழியில்லாதபோது பானை என்ன செய்யும்? மனித உடம்பின் நிலையும் அந்தப் பானையின் நிலையும் ஒன்றுதான் என்று அன்று தெரிந்தது. நம்மூரில் வெக்கை தாங்காவிட்டால் வேப்ப மரத்தடிக்கோ, ஊருணிக் கரைக்கோ, கோயில் மண்டபத்துக்கோ போய்விடலாம். அங்கே ஆகஸ்டில் நிழல் உதவாது, காற்றும் உதவாது; காசு கொடுத்துக் குளிரூட்டிய இடம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத்தான் போக முடியும். பேருந்து நிறுத்தத்தைக்கூடக் கண்ணாடி அறையாகக் கட்டி ஏ.சி. வைத்திருக்கிறார்கள்.

ஈரம் வீட்டை விட்டுப் போகிறவர்களையும் விடுவதில்லை. பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் என்பதால் முதல் கோடையில் ஒரு மாதம் ஊருக்கு வந்தோம். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குக் குளிர்ச்சி என்று தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு வந்தோம். திரும்பிப் போய்க் கதவைத் திறந்தபோது பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. அலமாரிக்குள் என் பட்டுச் சேலைகள் இரண்டில் வெண்புள்ளிகள். தோல் செருப்புகள் பச்சை பூத்திருந்தன. படுக்கையறைச் சுவரின் ஒரு மூலை கறுத்திருந்தது. சுவருக்கு மறுபடி வண்ணம் அடித்த செலவை வீட்டுக்காரர் எங்கள் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு முதல் ஊருக்கு வந்தாலும் அங்கே 26 டிகிரியில் ஓட விட்டுவிட்டு வந்தோம். யாருமில்லாத வீட்டை இரவும் பகலும் குளிர வைக்க, இங்கே பள்ளத்தூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு கட்டணம் செலுத்திய மாதங்கள் உண்டு.

இனிச் சேவையின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கூடத்தின் காற்று மெல்லச் சூடேறத் தொடங்கியது. நிறுவனத்தை அழைத்தோம், தங்கள் குழாயில் நீர் சரியாக வருகிறது, பழுது கட்டடத்தின் பக்கம் என்றார்கள். கட்டட நிர்வாகத்தை அழைத்தோம். ஆலையிலிருந்து வரும் நீரின் அழுத்தமே போதவில்லை என்றார்கள். வீட்டுக்காரர் இரண்டுமே தன் பொறுப்பில்லை என்றார். ஒப்பந்தங்களை எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது: வெப்பமாற்றி வரை நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு மேல் மாடிக் குழாய்கள் கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு, வீட்டுக்குள் இருக்கும் விசிறிக் கருவி வீட்டுக்காரருடையது. மூன்று கைகள் மாறி வரும் குளிர்ச்சி எந்தக் கையில் நின்றது என்று கண்டுபிடிக்கும் வேலை குடியிருப்பவர் தலையில் விழுந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டுக்குள் 37 டிகிரி. குழந்தைகள் விழுந்துவிடாமல் இருக்க மாடி வீட்டுச் சன்னல்கள் ஒரு சாண் அகலம்கூடத் திறக்காதபடி பூட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டில் குறை காண முடியாது. ஆனால் இயந்திரம் நின்றுவிட்டால் காற்றுக்கு வேறு வழி எதையும் அந்தக் கட்டடம் விட்டுவைக்கவில்லை. இரவு பதினொன்று வரை வணிக வளாகத்தில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஷார்ஜாவில் தேவகோட்டைக்காரர் ஒருவர் வீட்டில் போய்ப் படுத்தோம். இருபத்தாறு மணி நேரம் கழித்துக் குளிர்ச்சி வந்தது. அந்த மாத ரசீதில் திறனுக்கான தொகை ஒரு காசும் குறையாமல் வந்தது. அதைக் குறித்து எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

இதை வெறும் அசௌகரியம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43.3 டிகிரியை எட்டியது அல்லது தாண்டியது. அந்த நகரம் அடங்கிய மாரிகோபா வட்டாரத்தில் அந்த ஆண்டு வெப்பத்தோடு தொடர்புடைய இறப்புகள் 645. அவர்களில் வீட்டுக்குள் இறந்தவர்களைப் பற்றிய விவரம் என்னை உலுக்கியது: பெரும்பாலானவர்களின் வீட்டில் ஏ.சி. இருந்தது, அது ஓடவில்லை. பழுதடைந்த கருவியோடு வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அந்த வீடே ஆபத்தாக முடிந்தது.

பழுது பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நாள் காலை குழாயைத் திறந்து சரிசெய்தவர்களில் ஒருவர் நம் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். பம்ப் இருந்த இடத்தில் நிற்கவே முடியாத வெக்கை. ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வேலை செய்தார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். மூன்று மணிக்கு மேல் தார்ச்சாலையும் மொட்டை மாடியும் எப்படி இருக்கும் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போகிற எல்லாரும் குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போவதில்லை. நாங்கள் விலை கொடுத்து வாங்கிய குளிர்ச்சிக்குப் பின்னால் வெயிலில் நின்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது பெரிய தடை, யாரும் எதிர்பாராதபடி மழையால் வந்தது. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கிய பின் ஐக்கிய அரபு அமீரகம் கண்டிராதது. அல் ஐன் பகுதியின் ஒரு நிலையத்தில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவானது. ஆண்டு முழுதும் சேர்ந்தாலும் நூறு மில்லிமீட்டரை ஒட்டியே மழை காணும் துபாய் நகரத்தில், தண்ணீர் ஓடிப் போக வழியில்லை. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் நீர் புகுந்து வெப்பமாற்றி அறை மூழ்கியது. மூன்று நாள் குளிர்ச்சி இல்லை, லிஃப்ட் இல்லை. ஏப்ரல் என்பதால் பிழைத்தோம்.

தண்ணீரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. குடிப்பதும் குளிப்பதும் கடல்நீரைச் சுத்திகரித்த நீரே. தரத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோடையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரில் பகலில் கை நனைக்க முடியாது. அதனால் அங்குள்ளவர்கள் மே மாதம் குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டின் குளிர்ச்சியில் ஆறும் அந்த ஹீட்டர் தொட்டி நீரைக் குளிப்பதற்கு எடுத்துக்கொள்வார்கள். சுடுநீர்க் குழாயில் ஆறிய நீரும், குளிர்நீர்க் குழாயில் கொதிநீரும் வரும். விருந்தாளிகளுக்கு முதலிலேயே சொல்லி வைப்பது அவசியம்.

அப்பச்சி, அதாவது என் அப்பா, ஒருமுறை வந்திருந்தார். பேத்தியின் பிறந்தநாள் ஆகஸ்டில் வருவதால் அந்த மாதத்தையே தேர்ந்தெடுத்தார். பள்ளத்தூரில் விடியலில் எழுந்து ஊருணிக் கரை வரை நடந்து, வழியில் நான்கு பேரிடம் பேசிவிட்டுத் திரும்புகிறவர். அங்கே ஐந்து மணிக்கு எழுந்து கீழே இறங்கியவர் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்து மேலே வந்துவிட்டார். மூன்றாம் நாள் வீட்டின் நான்கு பக்கமும் மெல்ல நடந்து பார்த்துவிட்டு, “ஆத்தா, இந்த வீட்டுக்குக் காத்து எந்தப் பக்கமா வரும்?” என்று கேட்டார். கூரையிலிருந்த சன்னக் கம்பி வலையைக் காட்டினேன். அதற்குக் கீழே நாற்காலியைப் போட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்கிறது என்று எழுந்துவிட்டார். ஒரு மாதத்துக்கு எடுத்த விசாவில் பதினெட்டாம் நாள் ஊர் திரும்பினார். பேத்தியைக் கட்டிக்கொண்டு அழுதவர், வெக்கையைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு அந்த நகரத்திலேயே ஒரு விடை இருந்தது. துபாய் ஓடைக் கரையில் அல் ஃபாஹிதி என்னும் பழைய குடியிருப்பு இருக்கிறது. பஸ்தகியா என்றும் சொல்வார்கள். ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள். பவளக் கல்லால் எழுப்பிய கனத்த சுவர்கள், நடுவில் திறந்த முற்றம், கூரைக்கு மேல் நான்கு பக்கமும் திறந்த காற்றுக் கோபுரம். ‘பர்ஜீல்’ எனப்படும் அந்தக் கோபுரம் எந்தத் திசையில் காற்று அடித்தாலும் பிடித்து அறைக்குள் இறக்கும். இடுக்கமான சந்துகளில் ஒரு வீட்டின் சுவர் மறு வீட்டுக்கு நிழல் தரும். அந்த முற்றத்தில் முதன்முதலாக நின்றபோது, யாரோ என்னைப் பள்ளத்தூர் வீட்டில் முற்றத்தைச் சுற்றியிருக்கும் எங்கள் வளவுக்குள் கொண்டுபோய் விட்டது போல நெஞ்சு அடைத்துக்கொண்டது. கடல் கடந்து பொருள் ஈட்டிய வணிகர்கள் வெக்கைக்கு ஏற்றபடி கட்டிய வீடுகள் இங்கேயும் அவைதானே.

எங்கள் வீடு பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த பாட்டையா காலத்தது. தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக்கட்டு என்று ஒரே நேர்கோட்டில் வாசல்கள் நிற்பதால் முன்வாசலில் நுழையும் காற்று பின்வாசல் வரை ஓடும். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அந்த வழியே மேலேறிப் போகும். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் மதியம் பாய்கூட இல்லாமல் படுக்கலாம். முற்றத்தில் விழும் மழைநீர் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும்படி ஊரையே சரிவு பார்த்து அமைத்திருக்கிறார்கள். இந்தச் செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்ததற்கு மரவேலைகளோடு இந்த அறிவும் காரணம் என்றே நான் நினைக்கிறேன். துபாயில் வாங்கிய அதே வெப்பமானியைச் சென்ற மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில் வைத்துப் பார்த்தேன்: தெருவில் 39, வளவில் 33. மீட்டர் எதுவும் ஓடவில்லை.

நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 33 டிகிரி 24 ஆகாது. பங்காளிகள் பதினொரு பேருக்குப் பொதுவான வீட்டைப் பராமரிப்பது எளிதன்று. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. காரைக்குடியில் இன்று எழும் புது வீடுகள் பலவற்றில் மேற்கே பெரிய கண்ணாடிச் சன்னலும், ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஏ.சி.யும் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களில் பலர் வளைகுடாவில் உழைத்து ஈட்டிய பணத்தில் கட்டுகிறார்கள். நாங்கள் அங்கே பட்ட பாட்டை இங்கேயும் கட்டி வைக்கிறார்களே என்று எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

சேவைக்கு மதிப்பெண் கேட்டால், தடையின்றி ஓடும் நாள்களுக்கு ஐந்தில் நான்கு, கட்டணத்துக்கு இரண்டு, பழுது நேரும் நாளில் நடந்துகொண்ட விதத்துக்கு ஒன்றுகூட அதிகம். வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் முடியாது. எந்தப் பகுதியில் எந்த ஆலையோ அதுவே நம் ஆலை. ஆகவே தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டைப் பார்க்கும் நாளில் மட்டுமே நம் கையில் இருக்கிறது. வீட்டைக் கோடையில் பார்க்க முடியாவிட்டாலும், முன்பு குடியிருந்தவரின் ஆகஸ்டு மாத ரசீதைக் கேட்டுப் பாருங்கள். சில்லர் ஃப்ரீ வீட்டில் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் அதுவே லாபம்; ஆனால் அந்தச் சொல் விளம்பரத்தில் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். மேற்குப் பார்த்த கண்ணாடியும் மொட்டை மாடிக்கு அடுத்த தளமும் வேண்டாம். விசிறிக் கருவியில் சேரும் நீர் வடியும் குழாயை ஆண்டுக்கு எத்தனை முறை சுத்தம் செய்வார்கள் என்று கேளுங்கள். அது அடைத்தால் கூரையிலிருந்து கட்டிலில் தண்ணீர் சொட்டும். குளிர்ச்சி நின்றால் மூவரில் யாரை அழைப்பது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் பேரனிடம் நேற்று பேசினேன். இரண்டு வீடுகளில் ஒன்று மேற்குப் பார்த்தது, நீச்சல்குளம் உண்டு; மற்றது வடக்குப் பார்த்தது, நான்காம் தளம், பழைய கட்டடம், சில்லர் ஃப்ரீ. இரண்டாவதையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை ஒப்பந்தத்தில் எழுதித் தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறாராம், இன்னும் அனுப்பவில்லை. கையில் வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம் என்று ஆச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.